மறுக்கத் தெரிந்த மென்பொருள்

சர்வரில் எட்டு டெராபைட் ஹார்ட் டிஸ்க் ஒன்றைச் செருகியாயிற்று. லினக்ஸ் அதை உடனே கண்டுகொண்டது. செஃப் என்னும் சேமிப்பு மேலாண்மை மென்பொருளிடம் அந்த டிஸ்கை எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கட்டளை தருகிறோம். எடுத்துக்கொள்ள மாட்டேன் என்கிறது. டிஸ்குகளின் பட்டியலைக் கேட்டால், இதற்கு நேராகக் 'கிடைக்காது' என்று போட்டுப் பக்கத்தில் காரணத்தையும் எழுதியிருக்கிறது: இதில் ஏற்கெனவே ஒரு கோப்பு முறைமை இருக்கிறது. எப்போதோ யாரோ சோதித்துப் பார்த்துவிட்டு அப்படியே விட்ட தடயம் அது. உள்ளே ஒரு கோப்புகூடக் கிடையாது.

மற்ற மென்பொருள்கள் நிறுவும்போது நம்மிடம் கேட்பதெல்லாம் சம்மதம்தான். 'சரி', 'அடுத்து', 'முடிந்தது' என்று அழுத்திக்கொண்டே போனால் வேலை முடிந்துவிடும். மருத்துவமனையின் ஸ்கேன் படங்களும் வங்கியின் கணக்குகளும் தங்கப் போகிற இடத்தை அமைக்கும் மென்பொருள் அப்படி இருக்க முடியாது. டிஸ்க் காலியாக இல்லை, கடிகாரம் சரியில்லை, பெரும்பான்மை சேரவில்லை, இடம் போதாது என்று அது படிக்குப் படி நம்மை நிறுத்துகிறது. புதிதாக நிறுவுகிறவருக்கு எரிச்சல் வரத்தான் செய்யும். ஆனால் இந்த மறுப்புகள் ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்த்தால், தகவலைப் பாதுகாப்பதில் கணினி அறிவியல் அடிபட்டுக் கற்ற பாடம் ஒன்று உள்ளே இருக்கிறது.

முதல் மறுப்பிலிருந்தே தொடங்கலாம். செஃப் ஒரு டிஸ்கைத் தொட வேண்டுமானால் அதில் பார்ட்டிஷன் இருக்கக் கூடாது, கோப்பு முறைமை இருக்கக் கூடாது, எல்விஎம் எனப்படும் லினக்ஸ் தொகுதி மேலாளரின் சுவடு இருக்கக் கூடாது, பழைய செஃப் நிறுவலின் மிச்சமும் இருக்கக் கூடாது. 5 ஜிகாபைட்டுக்கு மேல் கொள்ளளவு வேண்டும். ஏன் இவ்வளவு கெடுபிடி? டிஸ்கின் பெயரை நம்ப முடியாது என்பதுதான் காரணம். லினக்ஸ் தன் டிஸ்குகளுக்கு எஸ்டிஏ, எஸ்டிபி, எஸ்டிசி என்று கண்டுபிடித்த வரிசையில் பெயர் வைக்கிறது. மறுமுறை இயங்கத் தொடங்கும்போது அந்த வரிசை மாறலாம். நேற்று எஸ்டிபியாக இருந்தது இன்று எஸ்டிசி ஆகலாம்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பல ஆண்டுகளுக்கு முன், முந்தைய வாரம் நோட்டில் குறித்து வைத்திருந்த டிஸ்க் பெயரை அப்படியே பார்த்து எழுதி, அழிக்கும் கட்டளையைக் கொடுத்தேன். இடையில் சர்வர் ஒருமுறை அணைந்து எழுந்திருந்தது. அழிந்தது மூன்று நாள் வேலை. அன்றைக்கு நான் பயன்படுத்திய பழைய கருவி எதையும் கேட்காமல் சொன்னதைச் செய்தது. அதன் பிறகு டிஸ்கின் உடம்பில் அச்சிட்டிருக்கும் வரிசை எண்ணைப் பார்க்காமல் நான் எந்த டிஸ்கையும் அழித்ததில்லை. அந்த வரிசை எண்ணைப் பெயரில் சேர்த்து லினக்ஸ் இன்னொரு பட்டியலையும் பராமரிக்கிறது. நிறுவும்போது அதைத்தான் பார்க்க வேண்டும்.

சரியான டிஸ்கையே எடுத்தாலும், ஒரே டிஸ்கில் எல்லாவற்றையும் வைப்பது ஆபத்து என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். 1988இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் மூவரும் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை ரெய்டு என்ற முறையை உலகுக்குக் கொடுத்தது. விலையுயர்ந்த பெரிய டிஸ்க் ஒன்றுக்குப் பதிலாக மலிவான சிறு டிஸ்குகள் பலவற்றைச் சேர்த்துக் கட்டு, கூடவே கொஞ்சம் உபரித் தகவலையும் எழுதி வை, ஒன்று செத்தால் மற்றவற்றிலிருந்து அதைக் கணக்கிட்டு மீட்டுக்கொள் என்பது அதன் சாரம். இன்றும் ஆயிரக்கணக்கான சர்வர்கள் அதை நம்பி ஓடுகின்றன.

ஆனால் டிஸ்கின் கொள்ளளவு வளர்ந்த வேகத்துக்கு அதில் எழுதும் வேகம் வளரவில்லை. 20 டெராபைட் டிஸ்க் ஒன்று செத்து, புதியதை வைத்து அதை நிரப்புகிறோம் என்று வையுங்கள். வினாடிக்கு 200 மெகாபைட் வீதம் நிற்காமல் எழுதினாலும் ஒரு லட்சம் வினாடி ஆகும். ஏறத்தாழ 28 மணி நேரம். சர்வர் தன் அன்றாட வேலையையும் பார்த்துக்கொண்டே இதைச் செய்தால் இன்னும் நீளும். அந்த நேரம் முழுவதும் மற்ற டிஸ்குகள் ஓய்வில்லாமல் படிக்கப்படுகின்றன. பெரும்பாலும் அவையும் அதே ஆண்டில் வாங்கியவை, அதே வயதானவை. இன்னொன்றும் சாகாமல் இருக்க வேண்டுமே என்று காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. அதோடு, சர்வரே எரிந்துபோனால் அதற்குள் இருக்கும் ரெய்டால் எந்தப் பயனும் இல்லை.

ஆகவே தகவலைப் பல சர்வர்களுக்குப் பரப்பியாக வேண்டும். பரப்பிய அந்தக் கணத்திலேயே அடுத்த சிக்கல் பிறக்கிறது: எது எங்கே இருக்கிறது?

நூலகம் போல ஒரு பட்டியல் வைத்துக்கொள்ளலாம். முதலில் பலரும் செய்தது அதைத்தான். ஆனால் எட்டு டெராபைட் தகவலை நான்கு மெகாபைட் துண்டுகளாக நறுக்கினால் இருபது லட்சம் துண்டுகள். ஆயிரம் டிஸ்க் என்றால் இருநூறு கோடி. ஒவ்வொரு முறை படிக்கவும் எழுதவும் அந்தப் பட்டியலைக் கேட்க வேண்டும் என்றால், பட்டியலை வைத்திருக்கும் கணினிதான் எல்லாரும் வந்து நெரியும் குறுகிய வாசல். அது செத்தால் தகவல் அத்தனையும் பத்திரமாக இருந்தும் ஒன்றையும் கண்டுபிடிக்க முடியாது.

சான்டா குரூஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் முனைவர் ஆய்வு செய்துகொண்டிருந்த சேஜ் வெய்ல் 2006இல் தன் குழுவினரோடு இதற்கு ஒரு விடை சொன்னார். பட்டியலே வேண்டாம், கணக்கிட்டுக்கொள்ளலாம் என்பது அந்த விடை. கிரஷ் என்பது அந்தக் கணக்கின் பெயர், செஃப் என்பது அதன்மேல் எழுப்பிய மென்பொருள். செஃபலோபாட் என்ற உயிரின வகுப்பின் பெயரைச் சுருக்கியதுதான் செஃப். நம் கடற்கரைக்காரர்கள் கணவாய் என்று அழைக்கும் இனம் அது. இந்த மென்பொருளின் பதிப்புகளுக்கும் அகர வரிசையில் அதே குடும்பத்துப் பெயர்களாகவே பெரும்பாலும் வைக்கிறார்கள். கட்டில்ஃபிஷ் என்றால் நம் ஓட்டுக்கணவாய், ஆக்டோபஸ் என்றால் பேய்க்கணவாய், ஸ்க்விட் என்றால் ஊசிக்கணவாய். பெயர் பொருத்தமானதுதான். பேய்க்கணவாயின் நரம்பணுக்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அதன் கைகளில் இருக்கின்றன. செஃபிலும் மூளையின் பெரும்பகுதி டிஸ்குகளின் பக்கத்தில்தான் இருக்கிறது. ஒவ்வொரு டிஸ்குக்கும் ஒரு சிறு நிரல் காவலிருந்து, நகல் எடுப்பதையும் பழுது பார்ப்பதையும் பக்கத்து டிஸ்குகளோடு பேசித் தானே முடித்துக்கொள்கிறது.

கிரஷ் எப்படி வேலை செய்கிறது? திருவுளச்சீட்டுப் போடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் துண்டின் பெயரை ஒரு கலவைக் கணக்கில் போட்டு எண்ணாக்கி, அதை ஒரு தொகுப்பில் சேர்க்கிறார்கள். பிறகு அந்தத் தொகுப்புக்காக ஒவ்வொரு டிஸ்கும் ஒரு சீட்டு எடுக்கிறது. தொகுப்பின் எண்ணையும் டிஸ்கின் எண்ணையும் சேர்த்துக் கலக்கினால் வரும் எண்தான் அந்தச் சீட்டு. 16 டெராபைட் டிஸ்குக்கு 8 டெராபைட் டிஸ்கைவிட இருமடங்கு வாய்ப்பு கிடைக்கும்படி எடை போட்டுத் திருத்துகிறார்கள். யாருடைய எண் பெரியதோ அந்த டிஸ்குக்கு அந்தத் தொகுப்பு. கோயிலில் போடும் திருவுளச்சீட்டு ஒவ்வொரு முறையும் வேறு விடை தரும். இந்தச் சீட்டை யார், எங்கிருந்து, எத்தனை முறை குலுக்கினாலும் ஒரே விடைதான் வரும். டிஸ்குகளின் பட்டியல் மட்டும் கையில் இருந்தால் போதும், எந்தக் கணினியும் எந்தத் துண்டின் இருப்பிடத்தையும் யாரையும் கேட்காமல் கணக்கிட்டுவிடும்.

இதன் உண்மையான அழகு டிஸ்க் ஒன்றைக் கூடுதலாகச் சேர்க்கும்போதுதான் தெரியும். வேறொரு எளிய முறையோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். பத்து டிஸ்குகள் இருக்கின்றன, துண்டின் எண்ணைப் பத்தால் வகுத்தால் கிடைக்கும் மீதிதான் டிஸ்கின் எண் என்று வைப்போம். பதினொன்றாவது டிஸ்க் வந்ததும் பதினொன்றால் வகுக்க வேண்டும். 0 முதல் 109 வரையுள்ள 110 எண்களை எடுத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு மீதியும் ஒன்றாக வருவது 0 முதல் 9 வரை பத்து எண்களுக்கு மட்டும்தான். மற்ற நூறும் இடம் மாற வேண்டும். ஒரு டிஸ்க் சேர்த்ததற்காக வீட்டுச் சாமான் முழுவதையும் தெருவில் இறக்கி மறுபடி ஏற்றுவது போல. கிரஷ் கணக்கில் பழைய டிஸ்குகளின் சீட்டு எதுவும் மாறுவதில்லை. புதிய டிஸ்கும் எல்லாச் சுற்றிலும் ஒரு சீட்டு எடுக்கிறது, வென்ற இடத்தில் மட்டும் தகவல் அதனிடம் போகிறது. பதினொன்றில் ஒரு பங்கு. இவ்வளவாவது நகர்ந்தே ஆக வேண்டும் என்று கணிதம் சொல்லும் குறைந்தபட்ச அளவும் அதுவே.

இது காகிதக் கணக்கு மட்டுமல்ல. ஜெனீவா அருகே உள்ள செர்ன் ஆய்வகம் 2013 முதல் செஃபைப் பயன்படுத்துகிறது. 2015இல் அங்கே 150 சர்வர்களில் 7,200 டிஸ்குகளை ஒரே தொகுதியாகக் கட்டிச் சோதித்தார்கள். கொள்ளளவு கிட்டத்தட்ட 30 பெட்டாபைட்.

நிறுவும் வேலைக்கு வருவோம். 2020இல் வந்த ஆக்டோபஸ் பதிப்பு முதல் செஃபாடம் என்ற கருவியால் இது வெகுவாக எளிதாகிவிட்டது. பைத்தான், சிஸ்டம்டி, எல்விஎம், போட்மேன் அல்லது டாக்கர் உள்ள எந்த லினக்ஸ் சர்வரிலும் ஒரே கட்டளையில் தொடங்கலாம். சில நிமிடங்களில், டிஸ்குகளின் பட்டியலைக் காக்கும் மானிட்டர் என்ற நிரல்களில் முதலாவது, முதல் மேலாளர் நிரல், மற்ற சர்வர்களுக்குள் நுழைவதற்கான எஸ்எஸ்எச் சாவி, கண்காணிப்புப் பலகையின் முகவரி எல்லாம் தயாராகிவிடும். பொதுச் சாவியை மற்ற சர்வர்களில் நகலெடுத்து, அவற்றை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போகலாம். ஃபயர்வாலில் மானிட்டர்களுக்கான 3300, 6789 ஆகிய வாசல்களைத் திறந்துவிட மறக்கக் கூடாது. தட்டச்சு வேலை இவ்வளவுதான்.

நேரத்தை ஒத்திசைக்கும் நிரல் ஓடவில்லை, அதை ஓடவைக்கவும் முடியவில்லை என்றால் இந்த முதல் கட்டளையே நின்றுவிடும். மானிட்டர்களின் கடிகாரங்கள் ஒன்றுக்கொன்று 0.05 வினாடிக்கு மேல் விலகினாலும் செஃப் எச்சரிக்கை விடும். கண் இமைப்பதற்குள் கடந்துபோகும் நேரத்துக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று தோன்றலாம். சர்வரின் கடிகாரத்தை ஓட்டுவது ஒரு குவார்ட்ஸ் படிகம். அது பத்து லட்சத்துக்கு 20 பங்கு பிழைத்தால் நாளொன்றுக்கு 1.7 வினாடி விலகும். அந்த 0.05 வினாடியை எட்ட 42 நிமிடம் போதும். மானிட்டர்களில் ஒன்று தலைமை வகித்து, 'அடுத்த ஐந்து வினாடிக்கு உங்களிடம் இருக்கும் தகவலை நம்பிப் பதில் சொல்லலாம்' என்று மற்றவற்றுக்குத் தவணை கொடுக்கிறது. பின்தங்கிய கடிகாரம் வைத்திருக்கும் மானிட்டர், காலாவதியான தவணையை இன்னும் செல்லும் என்று நம்பி, பழைய பதிலைச் சொல்லிவிடக்கூடும். சேமிப்பகத்தில் தவறான பதிலைவிடப் பதில் இல்லாமல் இருப்பது மேல்.

மானிட்டர்கள் என்று சொன்னேன் அல்லவா, அவை எத்தனை வேண்டும்? இரண்டு வைத்தால் ஒன்றுக்கு ஒன்று துணை என்று தோன்றும். அது தவறு. இரண்டுக்கும் நடுவே கேபிள் அறுந்தால், மற்றது செத்துவிட்டது என்று இரண்டுமே நினைக்கும். இரண்டும் தனித்தனியே ஆட்சி நடத்தினால் ஒரே கணக்குக்கு இரண்டு உண்மைகள் உருவாகிவிடும். பிறகு எந்தக் கருவியாலும் அவற்றை ஒன்றாக்க முடியாது. அதனால் மொத்தத்தில் பாதிக்கு மேல் ஒன்றுகூடினால்தான் பேசுவது என்று செஃபின் மானிட்டர்கள் விதி வைத்துக்கொண்டிருக்கின்றன. மூன்று இருந்தால் ஒன்றை இழக்கலாம். நான்கு இருந்தாலும் ஒன்றைத்தான் இழக்கலாம், ஏனென்றால் நான்கில் பாதிக்கு மேல் என்றால் மூன்று. ஐந்து இருந்தால் இரண்டை இழக்கலாம். எல்லாரும் ஒற்றைப்படையில் வைப்பதற்கு இந்தச் சின்னக் கணக்குதான் காரணம்.

செய்திகள் தாமதமானாலும் தொலைந்தாலும் பெரும்பான்மை ஒரே முடிவுக்கு வருவது எப்படி என்பதற்கு கணினி அறிவியலாளர் லெஸ்லி லாம்போர்ட் வகுத்த முறைக்குப் பாக்ஸோஸ் என்று பெயர். கிரேக்கத் தீவு ஒன்றின் கற்பனை நாடாளுமன்றத்தை வைத்து அவர் அதை விளக்கினார். உறுப்பினர்கள் அடிக்கடி வெளியே போய்விடுவார்கள், செய்தி கொண்டுபோகும் ஆட்கள் தாமதிப்பார்கள், ஆனாலும் சட்டப் புத்தகங்கள் ஒன்றோடொன்று முரண்படக் கூடாது. அந்தக் கட்டுரை எழுதிப் பல ஆண்டுகள் கிடப்பில் கிடந்து 1998இல்தான் அச்சேறியது. செஃபின் மானிட்டர்கள் அதன் ஒரு வடிவத்தைத்தான் கையாள்கின்றன. இரண்டு கட்டடங்களில் சர்வர் வைத்திருப்பவர்கள் மூன்றாவது மானிட்டரை மூன்றாவது ஓர் இடத்தில் வைக்க வேண்டும். இல்லையென்றால், இரண்டு மானிட்டர் இருக்கும் கட்டடம் இருளில் மூழ்கும்போது மற்றக் கட்டடம் மின்சாரத்தோடு இருந்தும் வாய் திறக்காது. இதை நிறுவும் நாளிலேயே யோசிக்காவிட்டால், யோசிக்கும் வாய்ப்பு பிறகு மிக மோசமான ஓர் இரவில்தான் வரும்.

செஃப் ஒவ்வொரு தகவலையும் மூன்று நகலாக, மூன்று வெவ்வேறு சர்வர்களில் வைப்பது வழக்கம். ஒரு நகல் போனால் வேலை தொடரும். இரண்டு போய் ஒன்று மட்டும் மிஞ்சினால் அந்தப் பகுதியில் படிப்பதும் எழுதுவதும் நின்றுவிடும். மிஞ்சிய டிஸ்க் நன்றாகத்தானே ஓடுகிறது, எழுதினால் என்ன என்று மேலதிகாரிகள் கேட்பார்கள். எழுதலாம். எழுதியபின் அதுவும் செத்து, மற்ற இரண்டும் உயிர்த்தெழுந்தால், அவற்றிடம் இருப்பது பழைய தகவல். நடுவில் எழுதி, பத்திரமாகிவிட்டது என்று நாம் பயனருக்கு உறுதி சொன்னது உலகில் எங்குமே இருக்காது. இடத்தை மிச்சம் பிடிக்க நகல்களை இரண்டாகக் குறைத்து, ஒன்று மிஞ்சினாலும் எழுதலாம் என்று அமைப்பை மாற்றிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். மாற்றுவதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. தயவுசெய்து மாற்றாதீர்கள்.

இந்த எச்சரிக்கைக்கு விலை உண்டு, அதை வாங்குவதற்கு முன்பே கணக்குப் பார்த்துக்கொள்ள வேண்டும். நான்கு சர்வர், ஒவ்வொன்றிலும் எட்டு டெராபைட் டிஸ்க் ஆறு. மொத்தம் 192 டெராபைட். மூன்று நகல் என்பதால் 64. ஒரு சர்வர் முழுதாகப் போனாலும் மற்ற மூன்றும் எல்லா நகல்களையும் திரும்ப உருவாக்கிக்கொள்ள இடம் வேண்டும் என்பதால் 48. டிஸ்க் 85 சதவீதம் நிறைந்தாலே செஃப் எச்சரிக்கும், 95 சதவீதத்தில் எழுதவே விடாது. ஆகவே நிம்மதியாகப் பயன்படுத்தக்கூடியது 40 டெராபைட்டுக்குச் சற்று மேல். 192 வாங்கி 40. இதைக் கேட்டு முகம் சுளிக்காத கணக்கு அதிகாரியை நான் பார்த்ததில்லை.

டிஸ்குகளைப் பற்றி இன்னும் இரண்டு விஷயம் சொல்லியாக வேண்டும். ரெய்டு கார்டு இருந்தால் அதைத் தகவலைத் தொடாமல் கடத்தும் நிலைக்கு மாற்றிவிடுங்கள். டிஸ்கின் உண்மை நிலையைச் செஃப் நேரடியாகப் பார்க்க வேண்டும். எஸ்எஸ்டி வாங்குவதாக இருந்தால், மின்சாரம் போன கணத்தில் கையில் இருப்பதை எழுதி முடிக்கும் அளவுக்கு மின்தேக்கிகள் உள்ள வகையாகப் பார்த்து வாங்குங்கள். செஃப் ஒவ்வொரு முறை எழுதும்போதும் 'உண்மையிலேயே எழுதியாயிற்றா' என்று உறுதி கேட்கும். மின்தேக்கி இல்லாத மடிக்கணினி எஸ்எஸ்டிகள் அந்தக் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்லப் போனால் ஹார்ட் டிஸ்க் அளவுக்குத் தவழ ஆரம்பித்துவிடும்.

காலியாக இருக்கும் டிஸ்க் எல்லாவற்றையும் எடுத்துக்கொள் என்று ஒரே கட்டளையில் சொல்லும் வசதியும் உண்டு. அது ஒருமுறை ஓடி முடிகிற கட்டளை அல்ல, நிலையாணை. இன்னும் ஆறு மாதம் கழித்து வேறு காரியத்துக்காக நீங்கள் செருகும் காலி டிஸ்கையும் அது கேட்காமல் விழுங்கிவிடும். மறுப்பதையே குணமாகக் கொண்ட மென்பொருளில் இந்த ஒன்று மட்டும் எனக்கு உறுத்துகிறது. டிஸ்குகளை வரிசை எண் பார்த்து ஒவ்வொன்றாகச் சேர்ப்பதே என் வழக்கம்.

எல்லாம் முடிந்து, கண்காணிப்புப் பலகையில் பச்சை நிறம் வந்த பிறகு, உண்மையான தகவல் எதையும் ஏற்றுவதற்கு முன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. எழுந்து போய், ஓடிக்கொண்டிருக்கும் டிஸ்க் ஒன்றை வெளியே உருவுங்கள். அது தன் பங்காளிகளுக்கு ஆறு வினாடிக்கு ஒருமுறை 'இருக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டிருந்தது. இருபது வினாடி மௌனத்துக்குப் பின் அது விழுந்ததாக மானிட்டரிடம் புகார் போகும். பலகை மஞ்சளாகும். பிறகு பத்து நிமிடம் எதுவும் நடக்காது. யாராவது கேபிளைத் தட்டிவிட்டிருக்கலாம், திரும்பி வரட்டும் என்று காத்திருக்கிறது. பத்தாவது நிமிடம் முடிந்ததும் அந்த டிஸ்கைக் கணக்கிலிருந்து நீக்கிச் சீட்டு மறுபடி போடப்படும். இப்போது கவனியுங்கள். நிரப்பப்படுவது புதிய டிஸ்க் ஒன்று அல்ல. இழந்த தொகுப்புகளின் மற்ற நகல்கள் பல டிஸ்குகளில் சிதறிக் கிடக்கின்றன, புதிய நகல்களும் பல டிஸ்குகளுக்குப் பிரிந்து போகின்றன. எல்லாரும் ஆளுக்குக் கொஞ்சம் தூக்குகிறார்கள். ரெய்டில் ஒற்றை டிஸ்க் 28 மணி நேரம் சுமந்த சுமை, டிஸ்குகளின் எண்ணிக்கை கூடக் கூடச் சுருங்கிக்கொண்டே போகிறது. பலகை மறுபடி பச்சையாகிறது.

உருவிய டிஸ்கின் பெயரைத் தொகுதியிலிருந்து நிரந்தரமாக நீக்கிவிட்டு, புதிய டிஸ்காக எண்ணி அதே இடத்தில் திரும்பச் செருகுங்கள். பட்டியலில் அது தெரியும். நேராகக் 'கிடைக்காது' என்றும், பக்கத்தில் இதில் எல்விஎம் தடயம் இருக்கிறது என்றும் எழுதியிருக்கும். அழித்துவிடு என்று சர்வரின் பெயரையும் டிஸ்கின் பெயரையும் சொல்லி நீங்களே கட்டளை தர வேண்டும். அதற்கு முன் டிஸ்கை ஒருமுறை வெளியே இழுத்து, அதன் உடம்பில் உள்ள வரிசை எண்ணையும் திரையில் உள்ள வரிசை எண்ணையும் ஒவ்வோர் எழுத்தாக வாசித்துச் சரிபாருங்கள்.